எம்.எஸ். இருக்கிற வீட்டுக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

பெங்களூர்ல ஏ.சி. வாங்கறதை இன்னும் ஆடம்பரமாத்தான் பார்க்கிறாங்க. 'ஃபேன் போதாதா, இது என்ன சென்னையா?'ன்னு கேட்பாங்க. வீட்ல யாருக்காவது எம்.எஸ்., அதாவது மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் இருந்தா, தங்கச்சி, அந்தப் பேச்சைக் காதுல போட்டுக்காதே. 2016 ஏப்ரல்ல இதே ஊர்ல வெயில் 39 டிகிரியைத் தாண்டிச்சு. எம்.எஸ். உள்ளவங்களுக்கு அவ்வளவு வெயில்கூட வேண்டாம். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்குப் பார்வை மங்கும், கால் இழுக்கும், நாக்கு குழறும்.

மூளை, தண்டுவடம், கண் நரம்பு இங்கெல்லாம் நரம்பைச் சுத்தி மையலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கு. உடம்போட எதிர்ப்புச் சக்தியே வழிதவறி அதை அரிக்கிறதுதான் இந்த நோய். உறை போன இடத்துல சேதி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகுது. சூடு ஏறினா அதுவும் நின்னுடுது. உடற்பயிற்சி செஞ்சா இவங்களுக்குப் பார்வை கொஞ்ச நேரம் மங்குதுன்னு ஜெர்மன் கண் டாக்டர் உதாஃப் 1890லயே எழுதி வெச்சார்; சூடுதான் காரணம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்துல, சந்தேகம் உள்ளவங்களை வெந்நீர்த் தொட்டியில உட்கார வெச்சு, தடுமாற்றம் வருதான்னு பார்த்து நோயைக் கண்டுபிடிச்சிருக்காங்க. கொடுமைதான், போ. ஒரு ஆறுதல், இந்தச் சூட்டுத் தடுமாற்றம் உடம்பு குளிர்ந்ததும் அடங்கிடும். நரம்புக்குப் புதுசா சேதம் எதுவும் ஆகியிருக்காது.

நம்ம வீட்ல தொட்டி கிடையாது, ஆனா எண்ணெய்க் குளியல் இருக்கே! கீசரை முழுசாத் திருகி, கதவைச் சாத்தி, ஆவியில நின்னு குளிக்கிற பழக்கத்தை முதல்ல நிறுத்து. எண்ணெய்ல தரை வழுக்கும், சூட்டுல கால் துவளும், ரெண்டும் ஒரே நேரத்துல. எண்ணெயே வேண்டாம்னு நான் சொல்லல. தண்ணி வெதுவெதுன்னு இருந்தாப் போதும். உட்கார்ந்து குளிக்க, கால்ல ரப்பர் வெச்ச ஸ்டூல் போடு. சுவத்துல ஸ்க்ரூ அடிச்சு இறுக்கின கைப்பிடி வை. டைல்ஸ்ல ஒட்டற கைப்பிடியை நம்பாதே, பாரம் விழுந்தா கையோட வந்துடும். தாழ்ப்பாள் வெளியிலேருந்தும் திறக்கற மாதிரி இருக்கணும். தண்ணிச் சூட்டை நீ தொட்டுப் பாரு. தோல் மரத்துப்போனவங்களுக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். வெந்நீர்ப் பையும் அதனால ஆபத்து. தீபாவளி விடியக்காலைல மாமியார் கொதிக்கக் கொதிக்க அண்டாவை இறக்கினா, பச்சைத் தண்ணி நாலு சொம்பு விளாவிடு. சாஸ்திரம் கெட்டுப்போகாது.

மார்ச் முதல் மே வரைக்கும் வெளி வேலை எல்லாம் காலைல பத்து மணிக்குள்ள முடியட்டும். கிளம்பும்போது ஃப்ரிட்ஜ்ல வெச்ச ஈரத்துண்டைக் கழுத்துல போட்டுவிடு, ஜில் தண்ணி ஒரு பாட்டில் கையில கொடு. ஆட்டோல போறப்பவே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது அசதி. இதைப் பத்திக் கொஞ்சம் நிதானமாப் பேசணும், ஏன்னா வீட்ல சண்டை வர்றதே இதுலதான். 'நேத்து நல்லாத்தானே இருந்தே, இன்னிக்கு என்ன படுத்தே கிடக்கே?'ன்னு கேட்கறவங்க எல்லா வீட்லயும் உண்டு. எம்.எஸ். அசதி தூங்கினாப் போற அசதி இல்ல. வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளே ஒண்ணும் மிச்சம் இருக்காது. அன்னன்னிக்கு இருக்கிற தெம்பை மாசக் கடைசி பர்ஸ் மாதிரி நினைச்சுக்கோ; எதுக்குச் செலவழிக்கணும்னு அவங்கதான் சொல்லணும், நீ இல்ல. சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கணும்னு பத்து நிமிஷம் மல்லாடறாங்களா, விடு, கைய நீட்டாதே. 'பட்டனை நீ போட்டுவிடு, பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கு'ன்னு சொல்றாங்களா, போட்டுவிடு. எல்லாத்தையும் பறிச்சுப் பறிச்சுச் செய்யறது பாசம்னு ஊர் சொல்லும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இந்த நோய் பெரும்பாலும் இருபதுலேருந்து நாற்பது வயசுக்குள்ள வருது, ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருது. இன்னும் எத்தனையோ வருஷம் வாழவேண்டியவங்களை இப்பவே பொம்மையாக்கிடாதே.

பேச்சுல வார்த்தை சட்டுனு வராம நின்னா, நீ முந்திக்கிட்டு எடுத்துக் கொடுக்காதே. ஒரு நேரத்துல ஒரு விஷயம் மட்டும் கேளு, டி.வி.யை நிறுத்திட்டுக் கேளு.

யாரும் வெளியில பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு, மூத்திரம். அவசரமா வரும், இல்லைன்னா வந்தும் முழுசாப் போகாது. சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டினா என்ன செய்யறதுன்னு பயந்து, நிறைய பேர் காலைலேருந்து தண்ணியே குடிக்காம கிளம்பறாங்க. அதுதான் வினை. தண்ணி குறைஞ்சா மலச்சிக்கல், மூத்திரத் தொற்று. தொற்று வந்தா காய்ச்சல். காய்ச்சல் வந்தா பழைய தடுமாற்றம் எல்லாம் மொத்தமாத் திரும்பி வரும். தண்ணியைக் குறைக்காம நாள் முழுக்கப் பிரிச்சுக் குடிக்கச் சொல்லு. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வரட்டும். போற வழியில எந்த மெட்ரோ ஸ்டேஷன், எந்த மால், எந்த பெட்ரோல் பங்க்ல டாய்லெட் இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கோ. பேட் வெச்சுக்கறதுல வெட்கம் என்ன? சிறுநீர் போன பிறகும் பையில எவ்வளவு தங்குதுன்னு ஸ்கேன்ல பார்க்கலாம், டாக்டர்கிட்ட நீயே கேளு. வியாதிக்காரங்க வெட்கப்பட்டுக் கேட்க மாட்டாங்க.

திடீர்னு ஒரு கால் பலமில்லாமப் போகுது, ஒரு கண் வலியோட மங்குதுன்னா முதல்ல தெர்மாமீட்டரை எடு. காய்ச்சலோ மூத்திர எரிச்சலோ இருந்தா அதைக் கவனிக்கணும், யூரின் டெஸ்ட் எடுக்கணும். அப்படி எதுவும் இல்லாம, புது அறிகுறி 24 மணி நேரத்தைத் தாண்டியும் நின்னா அது ரிலாப்ஸா, அதாவது நோய் மறுபடி தாக்கறதா இருக்கலாம். நியூராலஜிஸ்டுக்கு உடனே போன் போடு. பெரும்பாலும் மீத்தைல்ப்ரெட்னிசலோன் ஸ்டீராய்டை மூணுலேருந்து அஞ்சு நாள் ட்ரிப்ல ஏத்துவாங்க. அது சீக்கிரம் தேற வைக்கும், அவ்வளவுதான், நோயைக் குணப்படுத்தாது. சர்க்கரை இருந்தா முன்னாடியே சொல்லிடு, ஸ்டீராய்டுல எகிறும். அந்த நாலஞ்சு நாள் தூக்கம் வராது, கோபம் வரும். அப்ப பேசறதை மனசுல வெச்சுக்காதே.

நோயை அடக்கற மாத்திரை, ஊசி தனி. உடம்பு நல்லா இருக்குன்னு அதை நிறுத்தக் கூடாது. ஃபிங்கோலிமாட் மாதிரி சிலதைச் சட்டுனு விட்டா நோய் வெறியோட திரும்பும். கல்யாணமான பொண்ணுங்க குழந்தை பெத்துக்கலாம், ஆனா மருந்தை முன்கூட்டியே மாத்தித் திட்டம் போடணும். பக்கத்து வீட்டுக்காரங்க சீந்தில் கொடியைக் கொண்டுவந்து 'எதிர்ப்புச் சக்தி ஏறும்'னு கொடுப்பாங்க. எதிர்ப்புச் சக்தி தறிகெட்டதால வந்த வியாதிக்கு அதை ஏத்தறதா? கல்லீரலுக்கும் அது ஆகாமப் போயிருக்கு. சிரிச்சுக்கிட்டே வாங்கி வெச்சுடு, கொடுக்காதே.

செருப்பு கால்லேருந்து நழுவிக்கிட்டே இருந்தா, கவனக்குறைவுன்னு திட்டாதே. பாதம் தூக்க வராம தொங்குது, அதான் காரணம். பின்னாடி வார் வெச்ச செருப்பு வாங்கு, பிசியோகிட்ட காட்டு.

இனி காகிதம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகைகள்ல எம்.எஸ்.ஸும் ஒண்ணு. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதம் ஊனம்னு சான்றிதழ் வேணும். பரிசோதனைக்குப் போற அன்னிக்கு நம்ம ஆள் வீம்புக்கு நிமிர்ந்து நடப்பார்! அதனால எம்.ஆர்.ஐ., டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்துட்டுப் போ. மோசமான நாள்ல எப்படி இருக்கும்னு ஒரு தாள்ல எழுதிக் கொண்டுபோ. அரசு வேலையில இருக்கிறவங்களை, ஊனம் வந்துடுச்சுன்னு வேலையை விட்டு எடுக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது. ஐ.டி. கம்பெனின்னா வீட்லேருந்து வேலை, மாத்தின நேரம்னு எழுத்துல கேட்கச் சொல்லு. ஏற்கெனவே கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி இருந்தா எடுத்துப் பாரு. நிரந்தர அறிகுறியோட இருக்கிற எம்.எஸ். பல பாலிசிகள்ல சேர்ந்திருக்கு.

நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் முழுக்க ஆகும்னு நினைச்சே கிளம்பு: ஃபைல், எம்.ஆர்.ஐ. சிடி, தயிர்சாதம், விசிறி. 1985ல ஆரம்பிச்ச மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்கு இந்த ஊர்லயும் கிளை இருக்கு. வியாதிக்காரங்களைவிட நீ போய்ப் பேசறது முக்கியம். உன் புலம்பலைச் சொந்தக்காரங்க பாதியிலயே 'எல்லாம் சரியாயிடும்'னு வெட்டிடுவாங்க, அங்க வெட்ட மாட்டாங்க.

அப்புறம் உன் முதுகு. கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாத்தறப்ப கையைப் பிடிச்சு இழுக்காதே, தோள் இறங்கிடும், உனக்கும் இடுப்பு பிடிச்சுக்கும். முழங்காலை மடக்கி, அவங்க இடுப்புல பெல்ட் கட்டி, அதைப் பிடிச்சுத் தூக்கணும். படிச்சாப் புரியாது. அடுத்த தடவை பிசியோ வர்றப்ப அவர் செய்யறதைப் பார்த்துட்டு விடாதே, அவர் முன்னாடியே நீ ரெண்டு தடவை செஞ்சு காட்டு.