இரண்டு பெட்டி, ஒரே எண்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் உள்ளது. அங்கிருந்த தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. சுரங்கத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் அங்கே வாழ்கின்றன. பலர் வேலைக்காகத் தினமும் ரயிலில் பெங்களூரு போய் வருகிறார்கள்.

அங்கே ஒரு லைன் வீடு. அந்த வீட்டு அம்மா தையல் வேலை செய்கிறார். மாலையில் எழுத்தறிவு மையத்தில் படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்களை நன்றாகப் படிப்பார்.

மகள் கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வேலையைக் கற்கிறாள். அதற்கு நெட்வொர்க் வேலை என்று பெயர். பழைய கம்ப்யூட்டர் இரண்டு, பழைய ரூட்டர் ஒன்று வாங்கினாள். வீட்டு மூலையில் வைத்துப் பழகினாள்.

வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு உண்டு. தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஒரு ரூட்டர் பெட்டியில் சேர்கிறது. அந்தப் பெட்டிதான் வீடு முழுவதற்கும் இன்டர்நெட் கொடுக்கிறது.

ஒரு நாள் மாலை மகள் பழைய ரூட்டரை வீட்டு ரூட்டரோடு இணைத்தாள். சற்று நேரத்தில் அம்மாவின் போனில் இன்டர்நெட் நின்றது. அந்த வீட்டுக்குள் மொபைல் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ரவிக்கை வாங்க வந்த பெண் பணம் அனுப்பினார். பணம் வந்ததா என்று அம்மாவால் பார்க்க முடியவில்லை.

"பாப்பா, இதை எல்லாம் எடுத்து வை. என் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது" என்றார் அம்மா.

"கொஞ்சம் பொறு அம்மா. தப்பு எங்கே என்று பார்க்கிறேன்" என்றாள் மகள். அவள் முகம் வாடிவிட்டது. வீட்டில் பழகாமல் அவள் எப்படி வேலை கற்பாள்?

அம்மா இரண்டு பெட்டிகளையும் திருப்பினார். அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஒன்றில் 192.168.1.1 என்று இருந்தது. இன்னொன்றிலும் 192.168.1.1 என்றே இருந்தது.

"இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்?" என்று கேட்டார் அம்மா.

மகளுக்குப் புரிந்துவிட்டது.

தப்பு எங்கே?

இன்டர்நெட்டில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். இது எண்ணால் ஆன முகவரி. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 430 கோடி எண்கள்தான் உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் அது போதாது. ஆகவே 192.168 என்று தொடங்கும் எண்களை வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துகிறோம். எண்ணற்ற வீடுகளில் இதே எண்கள் உண்டு. அவை வெளியே போவதில்லை. அதனால் குழப்பம் இல்லை.

வெளியே போகும் வேலையை ரூட்டர் செய்கிறது. வீட்டில் உள்ள எல்லோருக்காகவும் அதுவே கேட்கும். பதில் வந்ததும், கேட்ட கருவிக்குப் பிரித்துக் கொடுக்கும்.

ரூட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அதுவே எண் கொடுக்கும். ஒரு நெட்வொர்க்கில் எண் கொடுப்பவர் ஒருவரே இருக்க வேண்டும். மகள் இணைத்தபோது இருவர் ஆகிவிட்டனர். இருவருக்கும் சொந்த எண்ணும் ஒன்றே. போன் சில சமயம் பழைய ரூட்டரிடம் போனது. அதற்கு வெளியே போக வழி இல்லை. ஆகவே இன்டர்நெட் நின்றது.

மகள் எப்படிச் சரி செய்தாள்?

1. முதலில் இரண்டு ரூட்டர்களுக்கும் நடுவில் இருந்த கேபிளை எடுத்தாள். அம்மாவின் போனை அணைத்துப் போட்டாள். இன்டர்நெட் வந்தது. பணமும் வந்திருந்தது.

2. பழைய ரூட்டரை ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும் இணைத்தாள். அதன் எண்ணை 192.168.2.1 என்று மாற்றினாள். இப்போது மூன்றாவது எண் வேறு. இரண்டும் தனித்தனித் தெருக்கள் போல ஆயின.

3. பழைய ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றினாள். பெட்டியோடு வரும் கடவுச்சொல் பலருக்கும் தெரிந்திருக்கும். அதை அப்படியே விடுவது பூட்டிலேயே சாவியை விடுவது போல.

4. பிறகு கேபிளை மறுபடி இணைத்தாள். முன்பு அதைத் தவறான துளையில் செருகியிருந்தாள். இப்போது பழைய ரூட்டரில் 'இன்டர்நெட்' என்று எழுதிய துளையில் செருகினாள். பல ரூட்டர்களில் இந்தத் துளை வேறு நிறத்தில் இருக்கும். பழகும் கம்ப்யூட்டர்களை மற்றத் துளைகளில் செருகினாள்.

5. கடைசியில் சோதித்தாள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் வீட்டிலிருந்து தெரு வரை பார்ப்போம் அல்லவா? அதுபோல முதலில் 192.168.2.1 பதில் தருகிறதா என்று பார்த்தாள். அடுத்து 192.168.1.1. பிறகு வெளியே உள்ள ஓர் இணையதளம். எந்த இடத்தில் பதில் நிற்கிறதோ, அங்கேதான் பழுது இருக்கும்.

மூன்றும் பதில் தந்தன. அம்மாவின் போனும் வேலை செய்தது.

"இனி எதை மாற்றினாலும் என்னிடம் சொல்லிவிட்டு மாற்று" என்றார் அம்மா. மகள் ஒரு நோட்டை எடுத்தாள். இரண்டு பெட்டிகளின் எண்களையும் அம்மாவே அதில் எழுதினார்.

நினைவில் கொள்ளுங்கள்

- புதிய பெட்டியை இணைக்கும் முன் அதன் சீட்டைப் படியுங்கள்.
- ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லாதீர்கள்.
- உள்ளே இருக்கும் ரூட்டரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் போக வழி உண்டு. ஆகவே பழகும் கம்ப்யூட்டரிலும் சந்தேகமான எதையும் இறக்காதீர்கள்.
- இன்டர்நெட் மூலம் யாராவது பணத்தை ஏமாற்றி எடுத்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. அம்மாவின் போனில் இன்டர்நெட் ஏன் நின்றது?
2. அம்மா சீட்டில் எதைக் கண்டுபிடித்தார்?
3. மகள் எந்த எண்ணை எப்படி மாற்றினாள்?
4. கடவுச்சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் அல்லது பக்கத்துக் கடையில் ரூட்டர் உள்ளதா? அனுமதி கேட்டு அதன் சீட்டைப் படியுங்கள். 192 என்று தொடங்கும் எண் இருந்தால் நோட்டில் எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள்.