ஃபங்ஷனல் புரோகிராமிங் எடுக்கப் போகிறவர்களுக்கு

போடி, சின்னமனூர், கம்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை முதன்முதலாக எடுக்கப் போகிற தம்பி, தங்கைகளுக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவன் சொல்வது:

1. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தொடங்குங்கள். முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்குள் போடும் கணக்கை எல்லாரும் பரீட்சைக்குப் போட்டிருப்பார்கள். பன்னிரண்டில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு முதல் பாடமே செயற்கூறுதான். சைன் 0 எப்போது கேட்டாலும் 0, ரேண்டம் கேட்கக் கேட்க வேறு விடை. தூய செயற்கூறு எது, அல்லாதது எது என்பது அங்கேயே இருக்கிறது. ஒரு மார்க் கேள்வியாகப் படித்து மறந்திருப்பார்கள், தூசி தட்டினால் போதும். லாம்டா கால்குலஸ், 1930-களில் அலோன்சோ சர்ச் செய்த வேலை எல்லாம் பிறகு.

2. மொழி ஹாஸ்கெல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கே அதைச் சொல்லித்தரும் வழக்கம் உண்டு. அங்குள்ள மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய பாடம் என்.பி.டெல்லில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் முதலில் பார்த்து, அதிலுள்ள கணக்குகளைப் போட்டு முடித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். அந்த வீடியோவை வகுப்பில் ஓடவிட்டுவிட்டு ஓரமாக உட்காராதீர்கள்.

3. முதல் மூன்று வாரம் கம்ப்யூட்டரைத் தொடவிடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதலாண்டிலேயே பைத்தான் வந்துவிடுகிறது. ஒரு பெயரில் இருக்கும் எண்ணை மாற்றி மாற்றி எழுதிப் பழகிய கை அது. "லூப் இல்லாம எப்படி சார் கூட்டுறது?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்:

கூட்டு [3, 5, 2]
= 3 + கூட்டு [5, 2]
= 3 + (5 + கூட்டு [2])
= 3 + (5 + (2 + கூட்டு []))
= 3 + (5 + (2 + 0))
= 10

ஒவ்வொரு வரியிலும் சமக்குறி சமக்குறியாகவே இருப்பதைக் காட்டுங்கள். இந்தப் பாடத்தின் உயிர் அதுதான். எந்த வரியையும் அதன் மேல்வரிக்குப் பதிலாக வைக்கலாம். நடுவில் எதுவும் மாறிப் போவதில்லை. தற்சுழற்சியைக் கண்டு பயப்படும் பிள்ளைகூட இப்படிப் பத்துக் கணக்கு எழுதினால் தெளிந்துவிடும். இங்கே முதலில் திணறுவது பெரும்பாலும் ஏற்கனவே கோர்ஸ் படித்துவிட்டு வந்த கெட்டிக்காரப் பிள்ளைதான். அவனை விட்டுப்பிடியுங்கள்.

4. கணக்குக்கு ஊர்ச் சரக்கை எடுங்கள். போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னேலம் நடக்கிறது. வகுப்பில் நாலு பேர் வீட்டிலாவது அந்தப் பேச்சு இருக்கும். ஒவ்வொரு லாட்டுக்கும் எடை, கிலோ விலை என்று ஒரு பட்டியல் கொடுங்கள். விற்காத லாட்டைக் கழிப்பது ஃபில்டர். எடையையும் விலையையும் பெருக்குவது மேப். மொத்தத் தொகை ஃபோல்ட். மூன்றையும் தனித்தனியாகச் செய்து பார்த்த பிறகு ஒரே வரியில் கோக்கச் சொல்லுங்கள். ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-ல் எழுதிய மேப்ரெட்யூஸ் கட்டுரையை அன்றைக்குச் சொன்னால் எடுபடும். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கக் கூகுள் கையாண்ட முறைக்கு அடிப்படை இதே மேப்பும் ஃபோல்டும்தான்.

5. டைப்பை முதலில் எழுதாதவனுக்கு மார்க் கிடையாது. கிலோவுக்கு ஒரு டைப், ரூபாய்க்கு ஒரு டைப் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கிலோவோடு ரூபாயைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள், கம்பைலர் மறுத்துவிடும். அந்தப் பிழைச் செய்தியைச் சத்தமாக வாசிக்க வையுங்கள். இங்கிலீஷைப் பார்த்ததும் மிரளும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது அவசியம்.

6. முடிவில்லாத பட்டியலைக் காட்டினால் கைதட்டுவார்கள். காட்டுங்கள். பெரிய பட்டியலைச் சோம்பேறித்தனமாக (தேவைப்படும்வரை கணக்கைத் தள்ளிப்போட்டு) கூட்டினால் மெமரி எப்படி நிறைகிறது என்பதையும் அதே வகுப்பில் காட்டிவிடுங்கள்.

7. "கேம்பஸ் இன்டர்வியூல இதக் கேப்பாங்களா சார்?" என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள், மலையிறங்கி வரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. ஹாஸ்கெல் வேலை காத்திருக்கிறது என்று பொய் சொல்லாதீர்கள். 2014-ல் ஜாவா 8-க்குள் லாம்டா வந்ததையும், வாட்ஸ்அப் சர்வர்கள் எர்லாங்கில் எழுதப்பட்டதையும், எக்ஸெலுக்குள்ளேயே இப்போது லாம்டா இருப்பதையும் காட்டுங்கள். ஜாவா கேட்கும் இன்டர்வியூவிலும் ஸ்ட்ரீம் பற்றிக் கேட்பார்கள்.

8. மோனாடை டிபன் பாக்ஸ், பார்சல் என்று விளக்காதீர்கள். உவமை மட்டும் மனதில் நிற்கும், மோனாட் நிற்காது. இன்புட், அவுட்புட் எழுத எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும்.

9. பரீட்சையில் 'வரையறு' என்று கேட்காதீர்கள். பார்த்திராத ஒரு செயற்கூறைக் கொடுத்து, மூன்றாவது குறிப்பில் செய்தபடி வரிவரியாக விரிக்கச் சொல்லுங்கள். ஒரு வரி தவறியிருந்தால் அதற்கு மட்டும் மார்க்கைக் குறையுங்கள். திருத்த நேரம் பிடிக்கும்; இரண்டு ராத்திரி கூட ஆகட்டும்.