டிக்கி மூடி: மலைப்பாதையில் கார் ஓட்டும் வணிகருக்கு ஒரு செய்முறைப் பாடம்



ஒரு காலத்தில் நம் கடைவீதியில் கார் என்றால் அது அம்பாஸடர்தான். அதற்குத் தனியாக டிக்கி உண்டு. பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டால் உள்ளே இருப்பது நெய்யா, முந்திரியா என்று எவருக்கும் தெரியாது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நிலைமை மாறிற்று. பின்கதவும் கண்ணாடியும் ஒன்றாக மேலே தூக்கிக்கொள்ளும் இந்த வகை வண்டியை ஹேட்ச்பேக் என்கிறார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள இடமே டிக்கி. நடுவில் சுவர் கிடையாது. உள்ளே வைத்தது கண்ணாடி வழியே ஊருக்கெல்லாம் தெரியும். வண்டி குலுங்கினால் நம் பிடரிக்கே வந்துவிடும்.

இந்தக் குறையைப் போக்கத்தான் கம்பெனியே ஒரு பலகை கொடுக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும். சில வண்டிகளில் விலை குறைந்த ரகத்துக்கு அதைக் கொடுப்பதே இல்லை. நாமே செய்துகொள்வது எப்படி என்பதையும், அதைவிட முக்கியமாக, அதை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

நமக்குக் கிடைத்த பாடம்

சேலம் சமவெளியில் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்த நாள் முதல், மலையில் விளைவது கீழே இறங்குவதும், கீழே உள்ள மளிகை மேலே ஏறுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. காப்பி, மிளகு சாம்பிள் பார்க்க நாமும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறோம்.

ஒரு தை மாதம் மிளகு சாம்பிள்களுடன் இறங்கிக்கொண்டிருந்தோம். டிக்கிப் பலகை கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. சத்தம் பொறுக்காமல் வழியில் நிறுத்தி, எடைக்கு வைத்திருந்த 5 கிலோ படிக்கல்லை அதன்மேல் வைத்தோம். சத்தம் நின்றது. நாமும் கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைத்துக்கொண்டோம். மூன்றாவது வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. பிரேக்கை அழுத்தினோம். படிக்கல் பலகையிலிருந்து வழுக்கி, சீட்டின் முதுகைத் தாண்டி, பின்சீட்டில் விழுந்து தரையில் உருண்டது. வழக்கமாக அந்த இடத்தில் உட்கார்ந்து வருகிற நம் பேத்தி அன்று அத்தை வீட்டில் தங்கிவிட்டாள். அந்த ஒரு காரணத்தால்தான் இது கட்டுரையாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 8.33 மீட்டர். இதன் வர்க்கம் சுமார் 69. நின்ற தூரத்தின் இரு மடங்கு 1 மீட்டர். அதனால் வகுத்தாலும் 69. பூமியின் ஈர்ப்பான 9.8-ஆல் வகுத்தால் ஏழு மடங்கு. அதாவது 5 கிலோ கல் அந்தக் கணத்தில் 35 கிலோ போல் வந்து மோதும். 50 கிலோமீட்டர் வேகமென்றால் ஏறக்குறைய இருபது மடங்கு. அதே கல் 100 கிலோ மூட்டைக்குச் சமம்.

ஆகவே முதல் விதி: டிக்கி மூடி ஒரு திரை. அது அலமாரி அல்ல. அதன்மேல் குடை, பூஜைக்கூடை, தண்ணீர் பாட்டில் எதுவும் வைக்கக் கூடாது.

மூடியால் என்ன நன்மை?

ஒன்று, கண்மறைவு. சாம்பிள் பையும் வசூல் கணக்குப் பையும் வெளியே தெரியாமலிருப்பதே பாதிக் காவல். இரண்டாவது, வெயில். சித்திரை, வைகாசியில் சேலம் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியே உள்ளதைவிட 20 டிகிரி வரை சூடு கூடிவிடும். மூடி போட்டால் சூடு போய்விடாது; ஆனால் நேர் வெயில் சரக்கின்மேல் படாது. ஏலக்காயின் பச்சை நிறம், மிளகாய்த்தூளின் சிவப்பு எல்லாம் வெளிச்சத்தில் வெளுக்கிறவை. மூன்றாவது, குலுங்கலில் இலேசான பொருள்கள் மேலே துள்ளாமல் தடுப்பது. இந்த மூன்றுக்குமேல் மூடியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

செய்முறை

தேவையானவை: 6 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் பிளைவுட் துண்டு, பளபளப்பில்லாத சாம்பல் நிற ரெக்சின், ரெக்சின் ஒட்டும் ரப்பர் பசை, பழைய சைக்கிள் ட்யூப், நைலான் கயிறு, வெல்க்ரோ பட்டை. அளவெடுக்க அட்டை வேண்டும். அதற்கு நம் கடைகளில் பஞ்சமில்லை.

1. பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்து டிக்கியின் மட்டத்தில் வைத்து மாதிரி வெட்டவும். பக்கச் சுவர்கள் நேராக இருப்பதில்லை. ஆகவே இடமிருந்து வலமாக முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடங்களிலாவது அகலம் எடுக்கவும். நம் வண்டியில் சீட்டு ஓரம் 104 செ.மீ., கதவு ஓரம் 96 செ.மீ., ஆழம் 42 செ.மீ. வந்தது. இன்னொரு வண்டிக்கு இந்த அளவு பொருந்தாது. அட்டை சரியாக உட்காரும்வரை பலகையில் ரம்பம் வைக்காதீர்கள்.

2. மூடியின் உயரம் பின்சீட்டு முதுகின் உச்சியைத் தாண்டக் கூடாது. பின்கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் மேலே போகக் கூடாது. ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து நடுக்கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் வண்டி முழுதாகத் தெரிய வேண்டும். மலையில் பனிமூட்டம் இறங்கும்போது இந்தப் பார்வை மிக அவசியம். பளபளக்கும் ரெக்சின் கூடாது என்றதும் இதனால்தான். அதன் நிழல் பின்கண்ணாடியில் விழுந்து பார்வையைக் கெடுக்கும்.

3. அட்டையைப் பலகைமேல் வைத்து வரைந்து, இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் குறைத்து வெட்டவும். ரெக்சின் மடிப்புக்கும், மழைக்காலத்தில் பலகை ஊதுவதற்கும் இடம் வேண்டுமல்லவா? ஓரங்களை உப்புத்தாள் போட்டு உருட்டிவிடவும். இந்த அளவுப் பலகை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான் இருக்கும். கனமான பலகை கூடாது. விபத்தில் அதுவும் ஒரு படிக்கல்தான்.

4. கதவுப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கில் பலகையை இரண்டாக அறுக்கவும். இரண்டையும் இடைவெளியின்றி ஒட்டி வைத்து, மேல்புறம் மட்டும் ஒரே ரெக்சினாக ஒட்டவும். அடிப்பக்கத்தைச் சேர்த்து ஒட்டக் கூடாது. இப்படிச் செய்தால் பலகை மேல்நோக்கி மடங்கும், கீழ்நோக்கித் தொங்காது. கீல் வாங்கும் செலவும் மிச்சம். கீல் ஆடும் சத்தமும் இல்லை.

5. பல வண்டிகளில் பக்கச் சுவரிலேயே பலகை உட்காரத் திண்டு இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்துக்கு ஒன்றாக, தரையில் நிற்கும் மரச்சட்டம் செய்து வைத்துத் தரையோடு அசையாமல் கட்டிக்கொள்ளவும். வண்டிச் சுவரில் ஓட்டை போட வேண்டாம். அதற்குள் ஒயர் போகிறது. பெட்ரோல் ஊற்றும் குழாய் போகிறது. சீட் பெல்ட்டின் சுருள் இருக்கிறது. ஓட்டை போட்ட தகடு மலை ஈரத்தில் துருப்பிடிக்கவும் செய்யும்.

6. பலகை உட்காரும் இடங்களில் சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி ஒட்டவும். கடகட சத்தம் நின்றுவிடும். அன்று இதைச் செய்திருந்தால் படிக்கல்லைத் தேடியிருக்க மாட்டோம்.

7. சீட்டு ஓரத்தில் இரண்டு வெல்க்ரோ பட்டைகளைத் தைத்து, தலைச்சாய்வுக் கம்பிகளில் சுற்றிக்கொள்ளவும். பலகை முன்னால் பறக்காது. சீட்டுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்தை ஒரு துணி மடிப்பால் மறைக்கலாம். பின்சீட்டு பெல்ட் தாராளமாக இழுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

8. கதவு ஓரத்தின் இரு மூலைகளிலும் கயிறு கட்டிக் கதவின் கொக்கியில் மாட்டினால், கதவைத் தூக்கும்போது மூடியும் தூக்கிக்கொள்ளும். கதவு மூடும்போது கயிறு ரப்பர் பீடிங்கில் சிக்காத நீளமாக இருக்க வேண்டும். சிக்கினால் அந்தச் சந்து வழியே மழைநீர் இறங்கிச் சரக்கை நனைக்கும்.

ரெக்சின் வேலைக்குச் சீட்டு தைப்பவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "முதலாளி, மேலே சாமான் வைக்கிற ஆளா நீங்க?" என்றுதான். வைக்க மாட்டோம் என்று சொன்ன பிறகே டேப்பை எடுத்தார். தொழில் தெரிந்தவர்.

வேலை முடிந்ததும் மூடியைக் காற்றாட இரண்டு மூன்று நாள் வெளியே வையுங்கள். காப்பி பக்கத்தில் உள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும் சரக்கு என்பது நமக்குத் தெரியும். பெருங்காயத்தோடு வைக்காத காப்பித்தூளைப் பசை நாற்றத்தோடு வைக்கலாமா?

மூடிக்குக் கீழே அடுக்கும் முறை

ஏறும்போது சரக்கு கதவுப் பக்கம் சரியும். இறங்கும்போது சீட்டுப் பக்கம் சரியும். வளைவில் பக்கவாட்டில் ஓடும். ஆகவே தரையில் ரப்பர் விரிப்பு போடவும். கனமானது கீழே, சீட்டின் முதுகை ஒட்டி. இலேசானது மேலே. காலி இடத்தைச் சாக்கை மடித்து அடைக்கவும். 15 கிலோ எண்ணெய் டின் போன்றதைத் தரையிலுள்ள வளையத்தில் கயிறு போட்டுக் கட்டவும். பின்சீட்டின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்க்கவும்.

சிப்ஸ் பாக்கெட்டுகளை மூடிக்குக் கீழே இறுக்கித் திணிக்க வேண்டாம். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பாக்கெட் பூரிபோல் உப்பும். இறுக்கத்தில் தையல் விட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு.

மொத்த எடையையும் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஐந்து பேருக்கே 325 கிலோ. வண்டிக் கையேட்டில் உள்ள மொத்த எடை வரம்பில், வண்டியின் எடையும் ஆட்களின் எடையும் போக மிச்சம் எவ்வளவோ அவ்வளவே ஏற்றலாம்.

இன்சூரன்ஸ் விஷயம்

இதைப் பலரும் படிப்பதில்லை. சொந்த உபயோகக் காருக்கான பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பகுதி உண்டு. சாம்பிளும் சொந்த லக்கேஜும் நீங்கலாகச் சரக்கு ஏற்றிச் செல்லும் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அதில் இருக்கும். இரண்டு கிலோ மிளகு சாம்பிளுக்கு அச்சமில்லை. ஆனால் வாரம் தவறாமல் பத்து மூட்டை ஏற்றிப்போய் விபத்து நேர்ந்தால், கிளெயிம் மறுக்கப்பட வாய்ப்புண்டு. டிக்கி மூடி போட்டுவிட்டதால் கார் லாரியாகிவிடாது. சரக்குக்குச் சரக்கு வண்டி. 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு சிறு வியாபாரிக்கும் அது எட்டாத பொருள் அல்ல.

அதேபோல் இடம் வேண்டுமென்று பின்சீட்டைக் கழற்றிவிடுவதும் தவறு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கழற்றி மாட்டும் மூடி இந்த வகையில் வராது. ஓட்டை போடாமல் செய்யச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

முடிவாக

கிளம்புமுன் நான்கைக் கவனியுங்கள்: மூடியின்மேல் ஒன்றுமில்லை, பட்டைகள் மாட்டியிருக்கின்றன, கண்ணாடியில் பின்பாதை தெரிகிறது, கீழே உள்ளது அசையவில்லை. ஒரு நிமிட வேலை. இறங்கும்போது சிறிய கியரில் இறங்கி, ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள்.

நம் தொழிலில் ஒரு கிராம் எடை குறைந்தாலும் பதில் சொல்கிறோம். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் நம் வீட்டுப் பிள்ளை. அன்று உருண்ட படிக்கல் இப்போது கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வண்டியில் ஏறுவதில்லை. அன்பர்கள் இந்த மூடியைச் செய்து பார்த்துப் பயன்பெற வேண்டுகிறோம்.