ஓடும்போது விழாதவர் நின்றபோது விழுந்தது ஏன்?

மாசி மாதத்தில் சிவராத்திரிக்கு முந்தைய நாள், எங்கள் குன்னத்துகால், பாறசாலைப் பகுதிகளிலிருந்து எல்லையைக் கடந்து முஞ்சிறை திருமலை ஆலயத்துக்குச் செல்லும் அடியார்கள் உண்டு. அங்குத் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை எனப் பன்னிரு சிவாலயங்களைத் தரிசித்துத் திருநட்டாலத்தில் நிறைவு செய்வதே சிவாலய ஓட்டம். கையில் விசிறியும் நாவில் ‘கோவிந்தா, கோபாலா’ என்னும் முழக்கமுமாக, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தை ஓடியும் நடந்தும் கடக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமனும் அவ்வாறு சென்றார். வயது 58, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர். இரவு முழுவதும் ஓடியவருக்கு ஒன்றும் நேரவில்லை. மறுநாள் வெயிலில் விரைந்து வந்து, ஓர் ஆலயத்தின் தரிசன வரிசையில் அசையாது நின்ற சில நிமிடங்களில் கண் இருண்டு சாய்ந்துவிட்டார். ஓடும்போது விழாதவர் நின்றபோது விழுந்தது ஏன்? இதற்கு விடை காண, உடல் உழைப்பின்போது நம் இரத்த ஓட்டத்தை ஆளும் ஹார்மோன்களை அறிய வேண்டும்.

முதல் அழைப்பு

ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. கடும் உழைப்பில் இது 20 லிட்டர் வரையிலும், பயிற்சி பெற்ற வீரர்களிடம் அதற்கு மேலும் உயரும். ஓட்டம் தொடங்கிய நொடியிலேயே நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்துகின்றன. அதற்குத் துணையாக, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் தம் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. இச்சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்துவதை இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் 1894இல் எடுத்துக்காட்டினர். 1901இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே அதன் செயற்பொருளைப் பிரித்தெடுத்து, அட்ரினலின் எனப் பெயரிட்டார்.

அட்ரினலின் இதயத்தின் வேகத்தையும் வலிமையையும் கூட்டுகிறது. கல்லீரலில் சேமித்துள்ள சர்க்கரையை விடுவிக்கிறது. நரம்புகளோடு சேர்ந்து குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உழைக்கும் தசைகளின் குழாய்களோ, அங்கு உண்டாகும் வேதிப்பொருள்களாலும் அட்ரினலினாலும் விரிகின்றன. ஓய்வில் மொத்த இரத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பெறும் தசைகள், கடும் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கைப் பெறுகின்றன. வரவு பெருகும்போதும், அவசரச் செலவுக்கே முதலிடம் தரும் குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டம் போன்றது இது.

நீரைக் காக்கும் ஹார்மோன்கள்

மாசி வெயிலில் ஓடுபவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை இழக்கக்கூடும். வியர்வையாக வெளியேறும் நீரில் ஒரு பகுதி இரத்தத்திலிருந்தே செல்வதால், இரத்தத்தின் கன அளவு குறைகிறது. உடனே சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அதன் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின், குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தாங்குகிறது. அது தூண்டும் ஆல்டோஸ்டீரோன், சிறுநீரில் உப்பு வீணாகாமல் தடுக்கிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வாசோபிரசின் நீரைத் தடுத்து நிறுத்துகிறது. நெடுந்தூரம் நடந்தவர்க்குச் சிறுநீர் குறைந்து, அடர்நிறமாக இருப்பதன் காரணம் இதுவே.

நின்றவுடன் நேர்வது

ஓடும்போது கால் தசைகள் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. திடீரென நின்றால் இந்த உதவி நின்றுவிடும். விரிந்த குழாய்களோ உடனே சுருங்குவதில்லை. கால்களில் இரத்தம் தேங்க, மூளைக்குச் செல்வது குறைகிறது. மாமாவுக்கு வியர்வையால் நீரும் குறைந்திருந்தது. மேலும், இரத்த அழுத்த மாத்திரைகள் பலவும் மேற்சொன்ன ஹார்மோன்களின் வேலையையே குறைப்பவை: சில அட்ரினலினை இதயத்தில் தடுக்கின்றன, சில ஆஞ்சியோடென்சினைத் தடுக்கின்றன, சில சிறுநீரைப் பெருக்குகின்றன. நாள்தோறும் காக்கும் அதே மருந்து, நீர் குறைந்த உடலில் அழுத்தத்தை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

மாத்திரை உண்பவர்கள் நெடும்பயணத்துக்கு முன் மருத்துவரிடம் அளவு, நேரம் பற்றிக் கேட்க வேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது. ஓட்டத்தை முடிக்கும்போது சில நிமிடங்கள் மெதுவாக நடந்தே நிற்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துவது நல்லது. வெறும் நீரை ஒரேயடியாக மிகுதியாகக் குடித்தால், வாசோபிரசின் அதைத் தேக்கி, இரத்தத்தின் உப்பு அளவைக் குறைத்துவிடும். உப்பிட்ட மோரோ கஞ்சியோ இடையிடையே அருந்துவது ஏற்றது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அதன் அளவையும் மருத்துவரிடமே கேட்டறிக. தலை சுற்றினால் உடனே படுத்துக் கால்களை உயர்த்த வேண்டும். நெஞ்சுவலியோ குழப்பமோ தோன்றினால் சிறிதும் தாமதிக்காமல் மருத்துவ உதவி பெற வேண்டும்.

மாமாவை நிழலில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தியபின் சில நிமிடங்களில் தெளிவு பெற்றார். அவ்வாண்டு ஓட்டத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டார். மறு ஆண்டு, மருத்துவரின் ஆலோசனை பெற்று, ஓடாமல் நடந்து திருநட்டாலத்தை அடைந்தார்.