கியர்பாக்ஸைக் கழட்டுறதுக்கு முன்னாடி

கீழ்க்கட்டளையில் லோடு அடிக்கிற டாடா 207, பொலிரோ பிக்கப் எல்லாம் கிளட்ச் பெடல் வண்டிகள்தான். டார்க் கன்வர்ட்டர் பார்க்கணும்னா பழைய டீசல் ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக் மாதிரி ஒண்ணு கிடைக்கணும். "ஆர்பிஎம் ஏறியே இருக்கு, மைலேஜ் இல்ல" என்று வந்தால் பல இடங்களில் முதல் பதிலே ஓவர்ஹால். செலவு லட்சத்தில் போகும்.

கன்வர்ட்டருக்குள் இன்ஜின் பக்கம் இம்பெல்லர், கியர்பாக்ஸ் பக்கம் டர்பைன். நடுவில் ஆயில். அதனால் கொஞ்சம் ஸ்லிப் இருந்துகொண்டே இருக்கும்; அது சூடாக வீணாகும். சீரான வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டும். அதுதான் லாக்அப்.

இன்ஜின் சூடான பிறகு, காலியான நெடுஞ்சாலையில் (நம்ம ரேடியல் ரோடு இதுக்கு ஆகாது) டாப் கியரில் சீராகப் போங்க. ஆக்சிலரேட்டரை அசைக்காமல், பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்க. பக்கத்தில் இருப்பவர் மீட்டரைப் பார்க்கட்டும். ஆர்பிஎம் 200, 300 ஏறி, காலை எடுத்ததும் இறங்கினால் லாக்அப் சரி. அசையவே இல்லையா? பூட்டவே இல்லை.

முதலில் பிரேக் ஸ்விட்ச். அது ஒட்டிக்கொண்டால், பிரேக்கில் கால் இருக்கிறது என்று நம்பி ஈசியு லாக்அப் தராது. வண்டிக்குப் பின்னால் போய் லைட்டைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். அடுத்து தெர்மோஸ்டாட்: திறந்தே நின்றால் இன்ஜின் சூடேறாது, லாக்அப்பும் வராது. ஸ்கேனரில் கூலன்ட் டெம்பரேச்சர் பாருங்க. அப்புறம் ஆயில், சாலினாய்டு, அதன் வயரிங்.

வண்டி நிற்கும்போது இன்ஜின் அணைந்தால் கதை நேரெதிர். பூட்டு விடுபடவில்லை, கிளட்ச் மிதிக்காமல் மேனுவல் வண்டியை நிறுத்தின மாதிரி.