மின்கலம் இறந்ததா, உறங்குகிறதா?

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் பிரிக்பீல்ட்சில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். அம்மா கிள்ளானில் இருந்தார். வயதானவர், நோயைக் கொண்டுபோய்விடுவேனோ என்று அஞ்சிப் போகாமலே இருந்தேன். ஜூன் 10-ஆம் நாள் ஆணை மீட்சிக் கட்டத்துக்கு மாறியது. அன்று காலை, 12 வாரம் அசையாமல் நின்ற என் பழைய மைவி மகிழுந்தின் சாவியைத் திருகினேன். ‘டிக் டிக்’ என்ற ஒலி மட்டுமே வந்தது.

ஒரு கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். வண்டியைப் பார்க்காமலேயே, “பேட்டரி செத்துப்போச்சு, புதுசு மாத்தணும்” என்றார்கள். கையில் இருந்ததோ அம்மாவுக்கென வைத்திருந்த 200 வெள்ளி. தயங்கி நின்றபோது, கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் அங்கிள், “தம்பி, பணப்பையைத் திறக்கறதுக்கு முன்னே பானட்டைத் திற” என்றார். முகக்கவரியோடு தள்ளி நின்று அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். அன்று கற்றதை இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஒலியைக் கேட்க வேண்டும். விளக்கு மங்கி, ‘டிக் டிக்’ என்று விரைவாக ஒலித்தால் மின்னூட்டம் குறைந்திருக்கலாம்; அல்லது முனை தளர்ந்திருக்கலாம். விளக்கு பளிச்சென எரிந்து ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து முனைகள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சமையல் சோடா கலந்த நீரால் துடைக்கலாம். கழற்றும்போது எதிர்முனை முதலில். பூட்டும்போது அது கடைசியில். இல்லையேல் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பிறகு மல்டிமீட்டர். மின்கலத்தில் 6 அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். நிறைந்த மின்கலம் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12-க்குக் கீழே என்றால் காலி. என்னுடையது 11.4 காட்டியது.

ஏன் இறங்கியது? நிறுத்திய வண்டியிலும் கடிகாரமும் எச்சரிக்கை மணியும் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. 30 மில்லிஆம்பியர் என்று வைத்தால் நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய மின்கலம் 50 நாள்கூடத் தாங்காது. நானோ 84 நாள் நிறுத்தியிருந்தேன்!

அங்கிள் தம் வண்டியை அருகில் கொண்டுவந்தார். சிவப்புக் கம்பியை என் மின்கலத்தின் நேர்முனையிலும், பின் அவருடையதன் நேர்முனையிலும் மாட்டினேன். கறுப்புக் கம்பியை அவருடைய எதிர்முனையில் மாட்டி, மறுநுனியை மின்கலத்துக்குத் தள்ளி என் எஞ்சினின் இரும்பில் பிடித்தேன். மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம்; அருகில் பொறி பறந்தால் வெடிக்கும். வெடிப்பு விட்ட, உப்பிய மின்கலத்துக்கு இந்த வேலையே கூடாது.

அவர் வண்டி ஐந்து நிமிடம் ஓடியபின் சாவியைத் திருகினேன். எஞ்சின் உயிர்பெற்றது. மீட்டர் 14.1 வோல்ட் காட்டியது. ஆல்டர்னேட்டர் நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று, 13.5-ஐ எட்டாவிட்டால் கோளாறு அங்கே இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது எதிர்முனையைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையை யாரும் செய்யாதீர்கள்; மின்னணுப் பாகங்கள் கெட்டுவிடும்.

கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளான் சேர்ந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அந்தச் சிறிய பயணம் மின்கலத்தை நிரப்பப் போதாது என்பதால், மாமா மகனின் பட்டறையில் இரவு முழுவதும் 3 ஆம்பியரில் மெதுவாக மின்னூட்டம் ஏற்றினோம். சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தபோது 12.5 வோல்ட். சாவியைத் திருகும்போதும் 10-க்குக் கீழே இறங்கவில்லை.

ஆனாலும் அது பழைய பலத்தைப் பெறவில்லை. காலியாக நெடுநாள் கிடந்தால் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். ஒன்பது மாதம் உழைத்து ஓய்ந்தது. அதற்குள் புதியதற்குப் பணம் சேர்த்துவிட்டேன். அந்த 200 வெள்ளி அம்மாவிடமே போய்ச் சேர்ந்தது.

தோழர்களே, விடுமுறையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறீர்களா? எதிர்முனையைக் கழற்றி வையுங்கள்; அல்லது வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது வெளியே ஓட்டச் சொல்லுங்கள். வண்டி நின்றுவிட்டால், முதலில் அளந்து பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.