ஓலைத் தொப்பியும் கூம்பின் விரிவும்
(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)

முதலாண்டு டிராயிங் வகுப்பில் கூம்பின் விரிவுப்படம் போடத் தெரியாமல் எத்தனை ஷீட்டைக் கிழித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாடத்தை நான் தலையில் மாட்டிப் பார்த்த கதை இது.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். வெயிலுக்குத் தலையில் பழைய சேலைத் துண்டு, மழைக்கு உரச்சாக்கை மடித்த கொங்காணி. போன வருஷம் குறுவை நடவில் வயலிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஓலைத் தொப்பி என் கண்ணை உறுத்தியது.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததல்லவா? அதனால் இங்கிருந்து பலர் சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். அப்படி அங்கிருந்து வந்த தொப்பி அது. வியட்நாமியர் ‘நோன் லா’ என்பார்கள். பெரிய வளையத்திலிருந்து சின்ன வளையம் வரை மூங்கில் சிம்பில் பெரும்பாலும் 16 வளையங்கள். அதன்மேல் ஓலையைப் பரப்பி ஊசியால் தைப்பது. ஹுவே நகரத்துக்காரர்கள் இரண்டு ஓலைக்கு நடுவே கவிதையை வைத்துத் தைத்துவிடுவார்களாம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் எழுத்து தெரியும்!

(பனாமா தொப்பி பனாமாவில் பிறந்ததல்ல, தெரியுமா? ஈக்வடாரில் டொக்கில்லா என்ற செடியின் நாரில் பின்னுவது. பனாமா வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோ அந்தப் பின்னலைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விரல் தேய்ந்தது ஒருத்தருக்கு, பேர் இன்னொருத்தருக்கு.)

அந்தத் தொப்பியை அளந்தேன். விட்டம் 40 செ.மீ., உயரம் 15 செ.மீ. ஆரம் 20, ஆகவே சாய்வு உயரம் 25. நம்ம 3-4-5 முக்கோணமேதான்! விரிவுக் கோணம் 360 × 20 ÷ 25 = 288 டிகிரி. அதாவது 25 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 72 டிகிரித் துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களைச் சேர்த்தால் தொப்பி. முதலில் அட்டையில் செய்தேன். பிறகு பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உரித்து, மூங்கில் வளையத்தில் வைத்துத் தைத்தேன். கூம்பு உச்சந்தலையில் ஒட்டாது; நடுவில் காற்று நிற்கும். தண்ணீரில் முக்கிப் போட்டால் ஈரம் ஆவியாகும்போது இன்னும் குளிர்ச்சி.

பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா போட்டுக்கொண்டு நின்றார், பிரமாதம். நாற்றை எடுத்துக் குனிந்தார். தொப்பி முன்னால் சரிந்து கண்ணை மறைத்தது, கயிறு தொண்டையை இறுக்கியது, முதுகு பூராவும் வெயில்.

"நிமிந்து நிக்கிறவங்களுக்கு இது சரி தம்பி. நாங்க எங்கடா நிமிர்றோம்?"

கோணமெல்லாம் கணக்குப் போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை!

பிறகு ஒரு புத்தகத்தில் மேகாலயாவின் காசி மக்களுடைய ‘க்னுப்’ படத்தைப் பார்த்தேன். மூங்கில் பின்னலும் அகல இலையும் வைத்துச் செய்தது, பாதிச் சிப்பி மாதிரி. தலையில் மாட்டினால் முதுகையும் மூடிவிடும். இரண்டு கையும் வேலைக்கு. மழையில் குனிந்து வேலை செய்பவர்களுக்கென்றே அமைந்தது. உற்றுப் பார்த்தால் நம்ம கொங்காணியின் அதே வடிவம்! அப்படியானால் அம்மாவிடம் வடிவம் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் சாக்குதான் வெயிலில் புழுங்கும், அவ்வளவே.

இப்போது மூங்கில் சட்டத்தில் பனையோலை முடைந்து ஓலைக் கொங்காணி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். எடை ஒரு கிலோவைத் தாண்டுகிறது. குறுவைக்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மூங்கிலை மெல்லிசாகச் சீவத் தெரிந்த நண்பர்கள் இருந்தால் இரண்டாமாண்டு ‘பி’ செக்‌ஷனில் வந்து பாருங்கள்.